அதிக நிதி திரட்டுபவருக்குப் பந்தயச் சைக்கிள் பரிசு: அறிவிக்கலாமா, வேண்டாமா?

தொடக்கக்கோடு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். புற்றுநோய் சிகிச்சைக்காக நிதி திரட்டும் இருநாள் சைக்கிள் பயணம் ஒன்றின் ஏற்பாட்டுக் குழுவில் இருக்கிறேன். பயணத்தில் சேரும் ஒவ்வொருவரும் குறைந்தபட்சத் தொகை ஒன்றைத் தமக்குத் தெரிந்தவர்களிடம் திரட்டித் தர வேண்டும். அதற்கு மேல் திரட்டுவது அவரவர் முயற்சி. இதுவரை அதிகம் திரட்டியவரை நிறைவு நிகழ்ச்சியில் மேடைக்கு அழைத்து, சான்றிதழ் கொடுத்து, கை தட்டி அனுப்பி வந்தோம். இந்த முறை ஓர் உபயதாரர் கார்பன் இழைச் சட்டகம் கொண்ட பந்தயச் சைக்கிள் ஒன்றைத் தர முன்வந்திருக்கிறார். அதை முதலிடத்துக்கான பரிசாகப் பதிவு தொடங்கும் நாளிலேயே அறிவிக்க வேண்டும் என்பது அவருடைய விருப்பம்.

குழுவில் பாதிப் பேர் மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டார்கள். எனக்கு மனம் முழுமையாக ஒப்பவில்லை. சென்ற முறைக் கணக்கை எடுத்து வைத்துக்கொண்டு, யாருக்கு எந்த நாளில் நன்கொடை வந்தது என்று ஓர் இரவு முழுக்கப் பார்த்தேன். பட்டியலின் உச்சியில் இருந்தவர்கள் யாரும் தூண்டாமலே கடைசி நாள் வரை கேட்டுக்கொண்டிருந்தார்கள். நடுவில் இருந்தவர்களில் பெரும்பாலோர் குறைந்தபட்சத் தொகையை எட்டிய அன்றே நின்றுவிட்டார்கள். முதலிடத்துக்கு வைக்கும் பரிசு இவர்களை ஓரடியாவது நகர்த்துமா என்பதுதான் என் கேள்வி. அனுபவம் உள்ளவர்கள் விரிவாக எழுதினால் குழுவில் எடுத்து வைக்க உதவியாக இருக்கும்.

பேரேடு எழுதியது:

வணக்கம் நண்பரே. இதுபோன்ற ஒரு பயணத்துக்குப் பல ஆண்டுகள் கணக்கு எழுதியவன் என்ற முறையில், முதலிடப் பரிசு கணக்குப் புத்தகத்தை என்ன செய்யும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

நாங்கள் பெரிய பரிசு வைத்த ஆண்டில் நிதி திரட்டும் கெடு நள்ளிரவோடு முடிந்தது. முன்னணியில் இருந்த இருவருக்கும் கடைசி மூன்று மாதங்களில் அநேகமாக ஒன்றுமே வரவில்லை. ஆர்வம் வடிந்துவிட்டது என்று நினைத்தேன். கெடு நாள் இரவு பதினொன்றரை மணிக்குத்தான் உண்மை விளங்கியது. ஒருவர் ரப்பர் பட்டை சுற்றிய காசோலைக் கட்டோடு அலுவலகத்துக்கே வந்து நின்றார். மற்றவர் கையில் வைத்திருந்த தொகையை இணையம் வழியாக ஐந்து நிமிடத்துக்கு ஒன்றாகச் செலுத்திக்கொண்டிருந்தார். எதிராளிக்குத் தம் பலம் தெரியக்கூடாது என்பதற்காக இருவரும் வந்த பணத்தை மாதக்கணக்கில் ஒப்படைக்காமல் வைத்திருந்தார்கள். அந்தக் கட்டில் சில காசோலைகளின் காலக்கெடு கடந்தே போயிருந்தது. அவற்றைக் கொடுத்தவர்களிடம் மறுபடியும் எழுதி வாங்கும் வேலை எனக்கு வந்து சேர்ந்தது. ஒரு மூதாட்டி, தம்முடைய காசோலை ஏன் இன்னும் வங்கிக்கு வரவில்லை, எங்காவது தொலைந்துவிட்டதா என்று ஏற்கெனவே இருமுறை கேட்டிருந்தார். அவருக்கு என்ன பதில் சொல்வது?

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். முதலிடத்துக்கும் இரண்டாம் இடத்துக்கும் உள்ள இடைவெளி பரிசுச் சைக்கிளின் விலையில் கால்பங்குதான் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாம் இடத்தில் இருப்பவர் அந்தக் கால்பங்கைத் தம் சொந்தப் பணத்திலிருந்து நன்கொடையாகப் போட்டால் சைக்கிள் அவருக்கு வந்துவிடும். அறநிறுவனத்துக்குக் கொஞ்சம் கூடுதல் பணம் வருகிறது என்பது உண்மையே. ஆனால் அது நன்கொடையா, சைக்கிளுக்கான விலையா? ரசீதில் நான் என்னவென்று எழுதுவது? பல நாடுகளில் இது வரிச் சட்டத்தின் கேள்வியும் ஆகும். நன்கொடைக்குரிய வரியை அறநிறுவனமே அரசிடம் திரும்பப் பெற உதவும் பிரிட்டனின் கிஃப்ட் எய்டு திட்டத்தில், நன்கொடை அளிப்பவரோ அவருடைய நெருங்கிய உறவினரோ அதற்கு ஈடாகப் பெறும் பயனுக்கு வரம்பு வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் பரிசுப் பொருளின் சந்தை மதிப்பு வென்றவரின் வருமானத்தில் சேரும்.

குழுவாகப் பயணிப்பவர்கள் தங்கள் நன்கொடைகளையெல்லாம் ஒருவர் பெயருக்கே திருப்பிவிடுவதும் உண்டு. அதைத் தவறு என்று சொல்ல விதி இல்லை. ஆனால் தனியாக வீடுவீடாக ஏறி இறங்கியவர் பட்டியலைப் பார்க்கும்போது அவர் முகம் எப்படி மாறும் என்பதை நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன்.

நெடுவழி எழுதியது:

பேரேடு ஐயா கணக்குப் பக்கத்தைச் சொன்னார். நான் பரிசை வாங்கியவள் என்ற முறையில் மறுபக்கத்தைச் சொல்கிறேன்.

என் தந்தை நோயில் இறந்த மறு ஆண்டில் முதன்முதலாகச் சைக்கிள் பயணத்தில் சேர்ந்தேன். நன்கொடை கேட்டு எழுதிய கடிதத்தில் அவருடைய கடைசி மாதங்களைப் பற்றி நான்கே வரிகள் எழுதியிருந்தேன். வேறு எதுவும் சொல்லத் தேவைப்படவில்லை. கேட்டவர்கள் எல்லோரும் கொடுத்தார்கள். நான்காம் ஆண்டில், நான் எதிர்பார்க்காமலே முதலிடம் வந்தது. விலையுயர்ந்த சக்கர ஜோடி ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார்கள். இரண்டு கைகளிலும் சக்கரங்களைத் தூக்கிப் பிடித்து நான் சிரிக்கும் படத்தை ஏற்பாட்டாளர்கள் எல்லா நன்கொடையாளர்களுக்கும் நன்றிக் கடிதத்தோடு அனுப்பிவிட்டார்கள்.

அடுத்த வாரம் என் பழைய ஆசிரியை தொலைபேசியில் அழைத்தார். ஓய்வூதியத்திலிருந்து ஒவ்வோர் ஆண்டும் தவறாமல் சிறு தொகை அனுப்புபவர். வாழ்த்தினார், உடல்நலம் விசாரித்தார், பிறகு எந்தக் கோபமும் இல்லாத குரலில், "அந்தச் சக்கரத்துக்கு நான் கொடுத்ததிலிருந்தும் ஏதாவது போயிருக்குமா அம்மா?" என்று கேட்டார். இல்லை, அது உபயதாரர் கொடுத்தது, உங்கள் பணம் முழுவதும் சிகிச்சைக்கே போய்ச் சேர்ந்தது என்று விளக்கினேன். நம்பினார் என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் மறு ஆண்டு கடிதம் எழுத உட்கார்ந்தபோது, அப்பாவைப் பற்றிய அந்த நான்கு வரிகளுக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. இதைப் படிப்பவர், இவள் மறுபடியும் முதலிடத்துக்காக எழுதுகிறாள் என்று நினைக்க ஓர் இடம் உண்டாகிவிட்டதே என்று தோன்றியது. அந்த ஆண்டு முந்தைய ஆண்டைவிடக் குறைவான பேரிடமே கேட்டேன்.

அந்தச் சக்கரங்களில் குறை எதுவும் இல்லை. இன்றும் அவற்றில்தான் ஓட்டுகிறேன். ஆனால் நிதி கேட்பவரின் ஒரே மூலதனம், கேட்பதில் தனக்கென்று எதுவும் இல்லை என்பதுதான். பரிசு அந்த மூலதனத்தில் கை வைக்கிறது.

அளவுகோல் எழுதியது:

நெடுவழி அம்மா தம் அனுபவத்தில் கண்டதை ஆய்வாளர்கள் சோதனையிலும் கண்டிருக்கிறார்கள். நான் பொருளியல் கற்பிப்பவன் என்பதால், இந்தக் கேள்விக்கு நேரடியாகத் தொடர்புள்ள சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

யூரி க்னீசி, ஆல்டோ ருஸ்திகினி ஆகிய இருவரும் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், இஸ்ரேலில் வீடுவீடாகச் சென்று அறப்பணிக்கு நிதி திரட்டிய 180 மாணவர்களை இருவர் இருவராகப் பிரித்து, மூன்று பிரிவுகளாக அனுப்பினார்கள். முதல் பிரிவுக்கு ஊக்க உரை மட்டும். இரண்டாம் பிரிவுக்குத் திரட்டும் தொகையில் 1 விழுக்காடு. மூன்றாம் பிரிவுக்கு 10 விழுக்காடு. இந்த ஊக்கத்தொகை நன்கொடையிலிருந்து எடுக்கப்படாது, தனியாகத் தரப்படும் என்றும் தெளிவாகச் சொல்லியிருந்தார்கள். முடிவில் அதிகம் திரட்டியது எதுவுமே பெறாத முதல் பிரிவுதான். இருவர் கொண்ட ஒவ்வோர் இணையும் சராசரியாக ஏறக்குறைய 239 ஷெக்கல் (இஸ்ரேல் நாணயம்). 10 விழுக்காடு பெற்றவர்கள் 219 அளவில் நின்றார்கள். 1 விழுக்காடு பெற்றவர்கள் 154 அளவுக்கு இறங்கிவிட்டார்கள். சிறிய ஊக்கத்தொகை, ஊக்கத்தொகையே இல்லாததைவிட மோசமாக வேலை செய்தது.

இரண்டாவது ஆய்வில் சைக்கிளே இருக்கிறது. டான் ஏரியலி, அனாட் பிராச்சா, ஸ்டீபன் மயர் மூவரும் 2009இல் வெளியிட்டது. உடற்பயிற்சிக்கான நிலைச் சைக்கிளை மிதிக்க மிதிக்க அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்துக்கு நன்கொடை சேரும். சிலருக்கு அதோடு தம் கைக்கும் பணம் உண்டு. சிலர் ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில் மிதித்தார்கள், சிலர் ஒதுக்குப்புறமாக மிதித்தார்கள். யாரும் பார்க்காத இடத்தில், கைக்கு வரும் பணம் மிதிக்கும் தூரத்தைக் கூட்டியது. பிறர் கண்ணில் படும் இடத்தில் அந்தப் பணத்தால் முயற்சி கூடவில்லை. நல்லவர் என்று பிறர் எண்ணுவதே அங்கே ஒருவகைக் கூலி. கையில் பணமும் வாங்கினால் அந்தக் கூலி கரைந்துவிடுகிறது என்பது அவர்களின் விளக்கம். மேடையில் எல்லோரும் பார்க்கக் கொடுக்கும் சைக்கிளுக்கு இது அப்படியே பொருந்தும் என்று நினைக்கிறேன்.

எதிர்ப்பக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ரத்ததானத்துக்குப் பணம் கொடுத்தால் தானத்தின் தூய்மை கெடும் என்று ரிச்சர்ட் டிட்மஸ் 1970இல் எழுதியதைத்தான் நெடுங்காலம் எல்லோரும் மேற்கோள் காட்டி வந்தார்கள். ஆனால் நிக்கோலா லாசெட்டெரா, மாரியோ மாசிஸ், ராபர்ட் ஸ்லோனிம் மூவரும் களத்தில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2013இல் எழுதிய கட்டுரையில், சோதிக்கப்பட்ட 19 வகை ஊக்கப் பொருள்களில் 18 ரத்ததானத்தைக் கூட்டியிருந்தன. ஆகவே பரிசு எப்போதுமே கெடுக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பரிசுகளின் தன்மையைக் கவனியுங்கள்: சட்டை, பரிசு அட்டை போன்றவை, பெரும்பாலும் வந்தவர் எல்லோருக்கும் கிடைப்பவை. ஒருவர் வாங்க மற்றவர் தோற்கும் வகை பெரும்பாலும் அல்ல. அவர்களே 2012இல் வெளியிட்ட மற்றொரு ஆய்வில் வேறோர் உண்மையும் இருக்கிறது. பரிசு வைத்த முகாம்களில் கூடிய கூட்டத்தில் கணிசமான பகுதி, பக்கத்தில் பரிசு இல்லாமல் நடந்த முகாம்களிலிருந்து நகர்ந்து வந்தது. ஒரு பயணத்தில் பரிசு வைத்தால், வேறொரு பயணத்தில் கேட்கவிருந்தவர் இங்கே வந்து கேட்பார். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் நோயாளிகளுக்குப் போகும் தொகை அந்த அளவுக்குக் கூடியிருக்காது.

மேட்டுப்பாதை எழுதியது:

எல்லோரும் ஒரே பக்கம் சாய்வதால் மறுப்பைப் பதிவு செய்கிறேன். சைக்கிள் ஓட்டுபவர்களில் போட்டி மனம் கொண்டவர்கள் அதிகம். மேடு வந்தால் முன்னே போகிறவரைப் பிடிக்க வேண்டும் என்று தோன்றுகிற மனம் அது. அந்த வேகத்தை நல்ல காரியத்துக்குத் திருப்புவதில் என்ன குறை? மருந்துக்காகக் காத்திருக்கும் நோயாளிக்கு, பணம் தூய எண்ணத்தில் வந்ததா, சைக்கிள் ஆசையில் வந்ததா என்பது ஒரு பொருட்டே அல்ல. நானே ஒருமுறை இரண்டாம் இடத்தில் இருந்தபோது, முன்னால் இருந்தவரை எட்டுவதற்காக, அதுவரை கேட்கத் துணியாத என் மேலதிகாரியிடம் போய்க் கேட்டேன். அவர் கொடுத்தது என் மொத்தத்தையே மாற்றியது. அதற்குப் பிறகு ஆண்டுதோறும் கொடுக்கிறார். போட்டி இல்லையென்றால் அந்த அறைக்கதவை நான் தட்டியிருக்கவே மாட்டேன்.

அளவுகோல் எழுதியது:

மேட்டுப்பாதை நண்பர் சொல்வது நியாயம். போட்டிக்கு வலிமை உண்டு. ஆனால் அவரைக் கதவைத் தட்ட வைத்தது பரிசா, பட்டியலா? பட்டியலில் பெயர் மேலும் கீழும் நகர்வதே போதுமானதாக இருந்திருக்கலாம் அல்லவா?

மேட்டுப்பாதை எழுதியது:

நேர்மையாக யோசித்தால், பரிசு என்னவென்று இப்போது எனக்கு நினைவில்லை. முன்னால் இருந்தவரின் பெயர் நன்றாக நினைவிருக்கிறது.

கடைசிச்சக்கரம் எழுதியது:

நான் எப்போதும் கடைசிக் கூட்டத்தோடு வந்து சேர்பவன். நிதி திரட்டுவதிலும் அப்படித்தான். பட்டியலின் நடுவில் நிற்பவர்களைப் பற்றித் தொடக்கக்கோடு கேட்டதால் எழுதுகிறேன்.

எனக்குத் தெரிந்தவர்கள் என்னைப் போன்ற வருமானம் உள்ளவர்கள். நாற்பது பேரிடம் கேட்டு நாற்பது பேரும் கொடுத்தாலும், பெரிய நிறுவனத்தில் மேலாளராக இருக்கும் ஒருவருக்கு இரண்டே பேர் கொடுக்கும் தொகையை என்னால் தொட முடியாது. இதில் பொறாமை இல்லை. அவர் கொடுக்க வைப்பதும் நன்மைதான். ஆனால் முதலிடத்துக்குச் சைக்கிள் என்று அறிவித்த அன்றே, அது எனக்கான அறிவிப்பு அல்ல என்று எனக்குத் தெரிந்துவிடுகிறது. பட்டியலில் முப்பதுக்குக் கீழே இருப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. பரிசு அளப்பது உழைப்பை அல்ல. நமக்குத் தெரிந்தவர்களின் பணப்பையை.

எனக்கு உண்மையில் எது உதவியது என்று சொல்கிறேன். முதல் முறை பதிவு செய்தபின் ஒன்பது நாள் என் பக்கம் வெறுமையாகக் கிடந்தது. யாரிடம் முதலில் கேட்பது என்ற கூச்சம். பத்தாம் நாள் ஏற்பாட்டுக் குழுவிலிருந்து ஒருவர் அழைத்தார். கண்டிக்கவில்லை. "முதல் நன்கொடையை நீங்களே போடுங்கள், சிறிதாக இருந்தாலும் பரவாயில்லை, காலியான பக்கத்தில் யாரும் முதலில் எழுத விரும்புவதில்லை. அடுத்து, மறுக்கவே மாட்டார் என்று நீங்கள் நம்பும் ஒருவரிடம் மட்டும் கேளுங்கள்" என்றார். அன்று இரவே என் அக்காவிடம் கேட்டேன். அதற்குப் பிறகு வரிசையாக வந்தது. குறைந்தபட்சத் தொகையை எட்டியபின் நான் நின்றதற்குக் காரணம் சோம்பல் அல்ல. இன்னும் கேட்கலாம், கேட்பது தொந்தரவு ஆகாது என்று யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். அன்று இன்னோர் அழைப்பு வந்திருந்தால் இன்னும் பத்துப் பேரிடம் கேட்டிருப்பேன்.

தொடக்கக்கோடு எழுதியது:

கடைசிச்சக்கரம் அவர்களின் பதிவைக் குழுவில் அப்படியே வாசித்துக் காட்டினேன். முதலிடத்துக்குச் சைக்கிள் என்பதை ஆதரித்தவர்களும் சற்று நேரம் பேசவில்லை. ஆனாலும் உபயதாரரின் சைக்கிள் இருக்கிறதே, அதை என்ன செய்வது? குறைந்தபட்சத் தொகையைத் தாண்டிய எல்லோருடைய பெயரையும் போட்டுக் குலுக்கல் நடத்தலாம் என்று ஒருவர் சொல்கிறார்.

பேரேடு எழுதியது:

குலுக்கல் வேண்டாம் என்பேன். குறைந்தபட்சம் சட்டம் தெரிந்தவரைக் கேட்காமல் செய்யாதீர்கள். பணம் செலுத்தினால் வாய்ப்பு, வாய்ப்பில் பரிசு என்ற அமைப்பு பல நாடுகளில் லாட்டரி ஆகிவிடும். அறப்பணிக்கானாலும் உரிமம் தேவைப்படலாம். எளிய வழி, சைக்கிளை வெளிப்படையாக ஏலம் விட்டு அந்தத் தொகையை உபயதாரர் பெயரிலேயே நன்கொடையாக அறிவிப்பது. சைக்கிள் வேண்டுபவர் சைக்கிளுக்கே விலை சொல்வார். யாருடைய தந்தையின் கதையும் நடுவில் வராது.

முன்மாதிரி வேண்டுமானால் அமெரிக்காவில் நடக்கும் பான்-மாஸ் சேலஞ்சைப் பாருங்கள். 1980இல் 36 பேர் ஓட்டி 10,200 டாலர் திரட்டித் தொடங்கிய பயணம் அது. இன்று டானா-ஃபார்பர் புற்றுநோய் நிறுவனத்துக்கு அவர்கள் அளித்த மொத்தம் 100 கோடி டாலரைத் தாண்டிவிட்டது. அங்கே சேர்பவர் குறைந்தபட்சத் தொகைக்கு உறுதி கொடுக்க வேண்டும். திரட்ட முடியாவிட்டால் குறையும் தொகை அவருடைய கடன் அட்டையிலிருந்தே எடுக்கப்படும். குறிப்பிட்ட ஓர் உயர்ந்த அளவைத் தாண்டுபவர்கள் எல்லோரையும் தனியாகச் சிறப்பிக்கிறார்கள். ஓட்டுபவர்கள் திரட்டும் பணம் முழுவதும் மருத்துவத்துக்கே போகிறது என்பதை ஒளிவுமறைவின்றி முன்னால் நிறுத்துகிறார்கள்; நடத்தும் செலவுக்கு உபயமும் பதிவுக் கட்டணமும் தனியாக இருக்கின்றன. நெடுவழி அம்மாவின் ஆசிரியை கேட்ட கேள்விக்கு அங்கே கேட்கும் முன்னரே பதில் இருக்கிறது.

நெடுவழி எழுதியது:

ஏலம் நல்ல யோசனை ஐயா. அதோடு ஒரு வேண்டுகோள். பரிசு என்று எதைக் கொடுத்தாலும், அதை யார் கொடுத்தார்கள் என்பதை நன்கொடை செலுத்தும் பக்கத்திலேயே, பொத்தானுக்குப் பக்கத்தில், ஒரே வரியில் எழுதிவிடுங்கள். விதிமுறைகளின் அடியில் வேண்டாம். அந்த வரி இருந்திருந்தால் என் ஆசிரியை என்னை அழைத்துக் கேட்க வேண்டிய நிலை வந்திருக்காது. படம் அனுப்புவதென்றால் பரிசைத் தூக்கிப் பிடித்த படத்தை விட்டு, பயணத்தில் எடுத்த படத்தை அனுப்புங்கள்.

தொடக்கக்கோடு எழுதியது:

குழுவின் முடிவைத் தெரிவிக்கிறேன். உபயதாரரிடம் நானும் இன்னொருவரும் நேரில் போய்ப் பேசினோம். முதலில் முகம் சுருங்கியது. தம் கடைப் பெயர் மேடையில் ஒலிக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு இருந்தது. ஏலத்தை நிறைவு நிகழ்ச்சியில் வைக்காமல் பதிவு தொடங்கும் நாளிலேயே அவருடைய கடையில் நடத்தலாம், வரும் தொகையே பயணத்தின் முதல் நன்கொடையாக அவர் பெயரில் பக்கத்தில் நிற்கும் என்று சொன்னதும் ஒப்புக்கொண்டார்.

முதலிடப் பரிசு கிடையாது. பட்டியல் இருக்கும், மேட்டுப்பாதை நண்பருக்காகவும் அதை எடுக்கவில்லை. ஆனால் தொகை வரிசைக்குப் பக்கத்தில், எத்தனை பேர் கொடுத்தார்கள் என்ற எண்ணிக்கையும் தெரியும். பயணத்துக்கு ஆறு வாரம் முன்பாக இருபத்தைந்து பேரிடமிருந்து நன்கொடை பெற்ற எல்லோருக்கும், அது எவ்வளவு சிறிய தொகையாக இருந்தாலும், தோளில் வேறு நிறக் கோடு போட்ட ஜெர்சி. சொந்தப் பணமும் எண்ணிக்கையில் ஒன்றாகத்தான் சேரும். வந்த பணத்தை ஏழு நாளுக்குள் ஒப்படைக்க வேண்டும் என்று பேரேடு ஐயாவின் அனுபவத்தை விதியாகவே எழுதிவிட்டோம். ஜெர்சி உபயதாரர்களின் செலவு என்ற வரி பொத்தானுக்கு மேலே வந்துவிட்டது.

எங்களுக்கு இன்னும் சரியாக வராதது தொலைபேசி அழைப்புதான். குறைந்தபட்சத் தொகையை எட்டியவரை மறுநாளே அழைப்பது என்று ஆறு தன்னார்வலர்கள் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் நன்றி சொன்னபின் அடுத்த வாக்கியத்தை எப்படித் தொடங்குவது என்பதில் எல்லோரும் தடுமாறுகிறார்கள். கடைசிச்சக்கரம் அவர்களே, பத்தாம் நாள் உங்களை அழைத்தவர் பேசியதில் இன்னும் நினைவிருப்பதையெல்லாம் எழுதி அனுப்ப முடியுமா? முடிந்தால் முதல் சில அழைப்புகளை நீங்களே பேசினால் எங்கள் தன்னார்வலர்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொள்வார்கள்.

கடைசிச்சக்கரம் எழுதியது:

இன்று இரவே எழுதி அனுப்புகிறேன். அழைப்புகளுக்கும் வருகிறேன், என்னை அன்று அழைத்தவரின் எண் இன்னும் என்னிடம் இருக்கிறது, அவரையும் கேட்டுப் பார்க்கிறேன்.